மூன்று சாக்கு இரும்பும் விதானையாரின் மோட்டார் சைக்கிளும்

அன்புள்ள மகனுக்கு,

உன் மூன்று சாக்குகளும் நேற்றுப் பகல் பத்திரமாக வந்து சேர்ந்தன. திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் வந்து, மண்முனைத் துறையில் தோணி ஏறி, இக்கரையில் இறங்கி, மாட்டு வண்டியில் வீட்டுக்கு வந்தன. தோணிக்காரரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அக்கா, உங்கட மகன் கலியாணத்துக்குச் சாமான் அனுப்பியிரிக்காரா, என்ர தோணியத் தாட்டுப் போடக் கல்லு அனுப்பியிரிக்காரா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை, ஒரு சாக்கை அவிழ்த்தேன். கோபிக்காதே, பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. கலியாணத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்கிறது. மற்ற வீடுகளில் இந்த நேரத்தில் பட்டுச் சேலையும் வேட்டியும் வந்து இறங்கும். நம் வீட்டில் பல்சக்கரம் வந்து இறங்கியிருக்கிறது.

சாக்குக்குள் நீ வைத்திருந்த துண்டுக் கடிதத்தையும் வாசித்தேன். சண்டை முடிந்து பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்களில் பொறுக்கியவை, நாலு மோட்டார் சைக்கிள்களின் உறுப்புகள், இவற்றைச் சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டப் போகிறேன், கலியாணத்தன்று என்னோடு இவையும் களுவாஞ்சிக்குடிக்கு வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதுவரை பொறுத்துக்கொண்டேன். அதற்குக் கீழே எழுதியதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "காபரேட்டர் மட்டும்தான் இல்லை அம்மா. அது பெண் வீட்டில் இருக்கிறது. மாமா ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார், அது ஓடாது. அதிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்." உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "காபரேட்டர் மட்டுந்தான் இல்லையாமா? கெட்டிக்காரன்!" என்றார். அவரோடு இன்று மத்தியானம் வரை நான் பேசவில்லை.

மகனே, நீ அந்த மனிதரின் காபரேட்டரைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்பாய். நீ சின்ன வயதிலிருந்தே ஏன் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் ஓடுகிறவன். கடிதத்தை விட்டு ஓட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் இந்த வீட்டில் நடந்த ஒரு கூத்தை உனக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அதில் பாதி வெட்கம் என்னுடையது.

என் அப்பாவை உனக்குத் தெரியும், அவர் காலமானபோது உனக்குப் பத்து வயது. இந்தப் பக்கத்து வயல்வெளியான வட்டைக்கு அவர்தான் விதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், யார் வரம்பை யார் வெட்டினார்கள் என்ற வழக்கெல்லாம் அவரிடம்தான் வரும். ஊரே விதானையார் என்றது, நானும் இந்தக் கடிதத்தில் அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எந்த அப்பா என்று நீ குழம்புவாய். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார நிலஅளவையாளரிடம் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாவிக்கு இந்தப் பக்கம், நம் படுவான்கரையில், அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றை வைத்திருந்ததில்லை. சரியாக ஒரு போகம் ஓடியது. மாரி வெள்ளத்துக்குள் விட்டு முறுக்கியதில் பிஸ்டன் வெடித்துப்போனது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அது பின்பக்கக் கொட்டிலில் நின்றது. விதானையார் அதைக் கைவிடவில்லை. காலையில் எழுந்ததும் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். அதே கொம்பனி, அதே இலக்கம் போட்ட பிஸ்டன்தான் வேண்டும் என்று கொழும்புக்குக் கடிதம் எழுதுவார். வழக்கோடு வருகிறவர்களைக் கொட்டிலுக்கே கூப்பிட்டு, மோட்டார் சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார். தீர்ப்புப் பிடிக்காதவர்கள் ஓடாத வண்டியில் உட்கார்ந்து சொன்ன தீர்ப்பும் ஓடாது என்று போகிற வழியில் முணுமுணுப்பார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் உன் அப்பா மாப்பிள்ளையாக வந்தார். நம் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண்தான் போகிறான். வீடும் வளவும் பெண்ணுக்கு, மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர வேண்டும். உன் அப்பா ஆரையம்பதியிலிருந்து நாலு தோணியில் ஆட்களோடு வந்து இறங்கினார். பெட்டியோடு, வாய் கட்டிய இரண்டு சாக்குகளும் இறங்கின. தூக்கினால் பாரம், அசைத்தால் கலகலவென்ற சத்தம். என் அம்மா காதைச் சாக்கோடு வைத்துக் கேட்டுவிட்டு, வெண்கலப் பாத்திரம் என்று முடிவு கட்டினார். வீட்டுக்குள் அறையில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் சாக்குகளை வைத்து, வாயில் மஞ்சளும் குங்குமமும் பூசி, கண்ணூறு படாமல் வேப்பிலை செருகினார். எங்கள் குடிப் பெண்களெல்லாம் வரிசையாக வந்து தூக்கிப் பார்த்தார்கள். "கனம்தான்கா. ரெண்டு சாக்கு வெண்கலம் ஆருகா குடுக்கிற!" என்று கொக்கட்டிச்சோலை வரைக்கும் பேச்சுப் போயிற்று. நானும் தலையை ஆட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள், நாலாஞ்சடங்கு அன்று, ஏழு பெண்கள் சூழ உட்கார்ந்திருக்க என் அம்மா சாக்கை அவிழ்த்தார். முதலில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு சங்கிலி வந்தது. பிறகு ஒரு வண்டிச் சில்லு, ஒரு கைப்பிடி, நட்டுகள் கட்டின ஒரு பொட்டளி.

"இதென்ன மருமகன்?" என்று என் அம்மா கேட்டார்.

"எஞ்சின் மாமி," என்றார் உன் அப்பா, பிள்ளை பெற்றவர்போலச் சிரித்துக்கொண்டு.

என் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில சோறு ஆக்க ஏலாதா?"

மட்டக்களப்பில் ஒரு லொறிக்காரரின் பட்டறையில் வேலை செய்த காலத்தில் பொறுக்கிச் சேர்த்தவையாம். விதானையார் ஓடி வந்தார். இயந்திரம் தெரிந்த மருமகன் கிடைத்துவிட்டான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரும் கொட்டிலுக்குள் போய்ப் பாயை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். அந்தச் சந்தோஷம் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் நின்றது.

"இது என்ன மெசின், மருமகன்?"

"சட்டம் ஒரு மெசின் மாமா. எஞ்சின் வேற ஒரு மெசின். சில்லு ரெண்டும் ரெண்டு மெசின்."

"அப்ப இதுக்குப் பேரென்ன?"

"ஓடினாப் பிறகு வைக்கலாம்."

விதானையாரின் முகம் சுருங்கிவிட்டது. "மெசின் எண்டா ஒரு கையால செஞ்சதா இரிக்க வேணும். இது நாலு ஊட்டுச் சோத்த ஒரு கோப்பையில போட்டுக் குழைச்ச மாதிரி," என்றார். உன் அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்கு அது வராது, உனக்கும் வராது. "பசிச்சவனுக்கு அதுவும் சோறுதானே மாமா. உங்கட மெசின் வடிவாத்தான் இரிக்கி. ஆனா ஓடாத மெசின் அலுமாரிதான்," என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற யாரோ இதைக் கேட்டுவிட்டார்கள். அடுத்த நாளே ஊருக்குள் விதானையாரின் அலுமாரி என்று பேர் பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஒரே கொட்டிலில் இரண்டு மூலை. ஒரு மூலையில் ஒருவர் துடைக்கிறார், மறு மூலையில் ஒருவர் அடிக்கிறார். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என் மூலமாகச் சொன்னார்கள். "உன்ர புருசனிட்டச் சொல்லு, என்ர பக்கத்துக்கு எண்ணெ வடியிது." "உங்கட அப்பாட்டச் சொல்லும், எண்ணெ வடிஞ்சாத்தான் அது எஞ்சின்." இருவரும் ஒரு முழம் தூரத்தில்தான் இருப்பார்கள்.

நாலு மாதத்தில் உன் அப்பாவின் வண்டி முடிந்தது, ஒன்றைத் தவிர. எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற மக்னீட்டோ இல்லை. விதானையாரின் வண்டியில் அது புதுசுபோல இருந்தது. அவருக்குப் பிஸ்டன் இல்லை, இவருக்கு மக்னீட்டோ இல்லை. நான் போய்க் கேட்டேன். விதானையார் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு, "மகள், அதக் கழட்டினா மறுகா இது ஒருநாளும் எழும்பாது. என்ர கண்ணுக்கு முன்னால நான் அதப் பார்க்க மாட்டன்," என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். கோபமே இல்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். ஒருநாள் விதானையார் அரசாங்க அலுவலாக மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போனார். பொழுதுபடத்தான் வருவார். உன் அப்பா என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு மணித்தியாலம். ஓடுதா எண்டு பார்த்திற்று அப்படியே பூட்டி வைக்கிறன். அவர்ர கண்ணுக்கு முன்னால இல்லத்தானே." விதானையாரின் வண்டியைக் கழற்றுகிற ஸ்பானர்கள் இருந்த ஆயுதப் பெட்டியின் திறப்பு, வீட்டுச் சாவிக் கொத்தோடு என் இடுப்பில் இருந்தது. மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. எனக்கும் ஏறிப் பார்க்க ஆசை, மகனே. இருபது வயது. நீ வயிற்றில் இருக்கிறாயோ என்ற சந்தேகம் வேறு எனக்கு இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அந்த நிலையில் ஏறியது எவ்வளவு பெரிய மொக்குத்தனம் என்று இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, மக்னீட்டோ இடம் மாறியதும், பின்னால் சாக்கைப் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஓடியது! ஐயோ, என்ன சத்தம், என்ன புகை! கோழிகள் ஒரு பக்கம், மாடுகள் ஒரு பக்கம். குளக்கட்டைச் சுற்றி வருகிறபோது தாமரைக்குள் நின்ற கொக்கெல்லாம் ஒன்றாய் எழும்பிவிட்டன. நான் சிரித்த சிரிப்பில் என் வாய்க்குள் தும்பி போய்விட்டது. "நிற்பாட்டுங்க, காணும்!" என்று கத்தினேன். அப்போதுதான் உன் அப்பா திரும்பிப் பார்த்து, பிறேக் இன்னும் பூட்டவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். "ஓடினாத்தானே நிற்பாட்ட வேணும் எண்டு நினைச்சன்." பெற்றோல் கூட்டுகிற கம்பியும் இறுகிப்போய்விட்டது. எண்ணெய் தீரும் வரை குளத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கச்சேரி அலுவல் சீக்கிரம் முடிந்ததால் அந்த நேரம் பார்த்து விதானையார் கறுப்புக் கோட்டும் குடையுமாகக் குளக்கட்டில் நடந்து வந்தார். முதல் தரம் நாங்கள் கடந்தபோது, அவர் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார். குடையை எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி, "ஓடுது! என்ர மெசின் ஓடுது!" என்று கத்தினார். அவ்வளவு பெரிய மனிதரின் முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் தரம் வந்தபோது அவர் சில்லைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், கீழே மக்னீட்டோவைப் பார்த்தார். நான் ஓடுகிற வண்டியில் இருந்தபடியே அவரைக் கும்பிட்டேன், வேறென்ன செய்வது. மூன்றாம் தரம் வந்தபோது அவர் வயல் பக்கம் திரும்பி நின்றார். (உன் அப்பா இதை எட்டிப் பார்த்து, மூன்று தரம் இல்லை, இரண்டு தரம்தான் என்கிறார். அவர் முன்னுக்குப் பார்த்து ஓட்டினார். பின்னுக்குத் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தவள் நான்.)

எண்ணெய் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது விதானையார் சத்தம் போடவில்லை. "கழட்டி வையுங்க மருமகன்," என்றார், அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு வெட்கம். ஆண்களுக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "உங்கட அலுமாரிய நீங்களே வச்சிக் கும்புடுங்க!" என்று சொல்லிவிட்டு, தன் வண்டியை அரை மணித்தியாலத்தில் கழற்றி, கையில் அகப்பட்டதை ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்துவிட்டார். அது விளையாட்டுக் காரியம் இல்லை. நம் பக்கத்தில் கலியாணம் செய்த ஆண் சாமானோடு தாய் வீட்டுக்குப் போனால், அது தீர்ந்தது என்று அர்த்தம். மறுநாள் இரண்டு குடிப் பெரியவர்களும் வந்து பாயில் உட்காருவார்கள். நான் வாசல் படலையில் நின்றேன். பின்னால் ஓடவிடாமல் என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நீ இருக்கிறாய் என்று அவரிடம் சொன்னேன். அவர் அழுதார், நானும் அழுதேன். கொட்டிலுக்குள் விதானையார் மோட்டார் சைக்கிளைத் துடைக்காமல் சும்மா அதன் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார்.

அக்கரையில் நடந்ததை உன் அப்பா எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார். அவருடைய அம்மா, என் மாமி, வளவுக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாராம். சாக்கோடு வந்த மகனைப் பார்த்தார். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சோறு போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டார். மகன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும், சாக்கின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

"எழும்பு மனே. தோணி போறதுக்கு முன்ன போவம்."

"எங்கம்மா?"

"உன்ர ஊட்டுக்கு."

"இது என்ர ஊடு இல்லையா?"

"இல்ல மனே. அங்க ஒருத்தி வாசலப் பார்த்திட்டு நிப்பாள். இஞ்ச இந்தச் சாக்கு வைக்க இடமில்ல."

பொழுது சாய்கிறபோது உன் அப்பா படலைக்குள் வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே கொட்டிலுக்குப் போய், அவசரத்தில் சாக்குக்குள் போயிருந்த மக்னீட்டோவை எடுத்து, இருந்த இடத்தில் பூட்டினார். விதானையார் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவோ சொல்வார் என்று நான் நினைத்தேன். "மூண்டாவது சுத்தில உங்கட எஞ்சின் கொஞ்சம் இருமிச்சு மருமகன்," என்றார். "எண்ணெ குறைவு."

உன் அப்பா தலையைக் குனிந்தபடியே, "ஓம் மாமா," என்றார். அவர்களுக்குள் நடந்த சமாதானப் பேச்சு முழுவதும் அதுதான்.

மற்றதெல்லாம் நீ அறிந்தது. உன் அப்பா தன் எஞ்சினிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து, பத்து நாள் அரம் பிடித்து ராவி, விதானையாரின் வண்டிக்குள் பொருத்தினார். விதானையார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், அது தற்காலிகம்தான், கொழும்பிலிருந்து சரியான பிஸ்டன் வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்று. அவர் சாகும் வரை அந்தத் தற்காலிகப் பிஸ்டனில்தான் வட்டை முழுவதும் சுற்றினார். நீ பெற்றோல் தாங்கியின் மேல் குந்திக்கொண்டு போனதும் அந்தப் பிஸ்டனின் புண்ணியத்தில்தான். யாராவது கேட்டால் மட்டும், சாமான் வந்துகொண்டிருக்கிறது என்பார். பழசைத் திருத்துவது பெரிதா, புதிதாகக் கட்டுவது பெரிதா என்று என்னைக் கேட்காதே. இரண்டு கட்சிக்கும் சோறு ஆக்கியவள் நான். இரண்டிலும் வேட்டியில் பட்ட எண்ணெய் போவதில்லை.

ஆகையால் உன் சாக்குகள் மூன்றும் இங்கேயே இருக்கட்டும். நீ உடுப்புப் பெட்டியோடு மட்டும் போ. களுவாஞ்சிக்குடி மாமா துணியை விலக்கித் தன் மோட்டார் சைக்கிளை உனக்குக் காட்டுகிற நாள் வரும். அன்றைக்கு ஓடாதா என்று கேட்காதே. எப்போது வாங்கினீர்கள் என்று கேள். அவர் சொல்லி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுக்கும், உட்கார்ந்து கேள். அவர் துடைத்தால் நீயும் ஒரு துணியை எடு. அவராகத் தருகிற வரைக்கும் ஒரு நட்டைக்கூடத் தொடாதே. அந்தப் பிள்ளையிடம் திறப்பை எடுத்துத் தா என்று ஒருநாளும் கேட்காதே. கணவனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணீர்தான், அது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. உன் அப்பா அன்றைக்கு எனக்காகத்தான் திரும்பி வந்தார் என்று நான் ஒரு வருஷம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அனுப்பி வைத்தது மாமி என்று தெரிந்த பிறகும், அவரிடம் ஒரு நன்றி சொன்னதில்லை. அனுப்ப வேண்டியது அவர் கடமை என்று நினைத்தேன். பெண்ணாய்ப் பிறந்த எனக்கு என் தாயை விட்டு ஒருநாள் பிரிந்திருக்க நேர்ந்ததில்லை, அதனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனை ஏற்றிய தோணி போன பிறகு அவர் எப்படித் திரும்பி நடந்தார், அந்தச் சாப்பாட்டுக் கோப்பையை எப்படிக் கழுவினார் என்று இந்தப் பதின்மூன்று நாளும் நினைக்கப் போகிறேன். கேட்பதற்கு இப்போது அவர் இல்லை.

நீயும் ஒருநாள் கோபித்துக்கொண்டு வருவாய். உன் அப்பாவின் பிள்ளை, வராமல் இருக்க மாட்டாய். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். சோறு போடுவேன், உன் சாமானின் ஒரு பக்கத்தை நானே தூக்கிக்கொண்டு துறை வரைக்கும் வந்து, உன்னைத் தோணியில் ஏற்றித் திருப்பி அனுப்புவேன். அழுதாலும் அனுப்புவேன். அன்றைக்கு மட்டும், மகனே, கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடு.

உன் அம்மா